நரம்பு மட்டும் பச்சை

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில்
காலை எட்டிலிருந்து இரண்டு வரை
மஞ்சளைத்தான் அளக்கிறேன்.
குழாயில் ரத்தம் படிந்தபின் மேலே நிற்கும் நீர்
வைக்கோல் நிறமா, நல்லெண்ணெய் நிறமா,
எந்திரம் எண் சொல்லுமுன்னே
கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

வீட்டுக்கு வந்தால் பின்வாசலில் எலுமிச்சை.
மூன்று மாதமாக
அதைப் பார்க்காதவள் மாதிரி
துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

கொக்கிரகுளத்தில் எல்லாரும் டாக்டர்.
ஆவுடையம்மாள் மதிலுக்கு மேல்
தலையை மட்டும் வைத்து
"மஞ்சக்காமாலைதான் பிள்ள,
கீழாநெல்லி அரைச்சு ஊத்து" என்றாள்.
சிரிக்கவில்லை.
பால்காரர் சுடலைக்கோன் கேட்காமலே
தூரில் நாலு துருப்பிடித்த ஆணி அடித்துவிட்டுப் போனார்.
வீட்டுக்காரர் இன்பராஜ் "தண்ணி பத்தல" என்றார்.
அவருக்கு எல்லா நோயும் தண்ணி பத்தாததுதான்.

சனிக்கிழமை ஓர் இலையை மடித்துப் பையில் போட்டு
வண்ணார்பேட்டை உரக்கடைக்குப் போனேன்.
சொள்ளமுத்து அதைக் கையில் வாங்கவே இல்லை.
"கீழ்க்கிளையா, கொழுந்தா?"
தெரியவில்லை.
விவரம் எழுதாத சீட்டை
எத்தனை பேரிடம் திருப்பி நீட்டியிருக்கிறேன்.
மறுபடி பஸ் ஏறினேன்.

அன்றுதான் பார்த்தேன்.
கீழே முதிர்ந்த இலைகள் கரும்பச்சை, குறையில்லை.
நுனியில்தான் வெளுப்பு.
பொதுப்பணித்துறைச் சுவரில் தொங்கும்
கால்வாய்ப் படம் போல
நடுவில் ஆறு, இருபுறமும் வாய்க்கால்,
எல்லாம் பச்சை.
வயல் மட்டும் சாவி.

"கீழ இலை பழுத்தா
மரம் அதுலேருந்து எடுத்துக் கொழுந்துக்குக் குடுக்குன்னு அர்த்தம்.
எருப் போட்டாச் சரியாயிரும்.
கொழுந்து வெளுத்தா வேற கதை.
இரும்பு இடம் மாறாது பாத்துக்கிடுங்க,
பழைய இலை வச்சிருக்கதத் தராது.
மண்ணுல இல்லாமலும் இல்ல.
சுண்ணாம்பு பிடிச்சு வச்சிருக்கு.
என்ன தண்ணி ஊத்துதிய?"

போர் தண்ணி. குடத்தில் வெள்ளை கட்டும் தண்ணி.
"அது மட்டுந்தானா?"

ஆமா என்று வாய் திறந்தேன்.

வாஷிங் மெஷின் வந்த கிறிஸ்துமஸ் வாரம்
சுவரில் துளையிட்டுக் குழாயைத் திருப்பி
மரத்தடியில் விட்டவர் இன்பராஜ்.
ஒரு சொட்டு வீணாகக் கூடாது.
கோயிலில் நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டார்.
நுரையில் பாதி
என் வெள்ளைக் கோட்டின் நுரை.

"அப்போ அந்த ஆணி?"
"இரும்புதான். குடுக்கத் தெரியணும்லா."

அன்னபேதி, லிட்டருக்கு ஐந்து கிராம்.
வெயில் தாழ்ந்தபின்
இலையின் அடிப்பக்கம் நனைய அடிக்க வேண்டும்.
துத்தநாகம் தனியாக, பத்து நாள் கழித்து.
தண்ணீர் செம்மண் நிறத்தில் கலங்காமல் இருக்க
எலுமிச்சம்பழம் பிழிந்துவிடச் சொன்னார்.
மார்க்கெட்டில் இரண்டு வாங்கினேன்.
புளியங்குடிப் பழம், பத்து ரூபாய்.
எலுமிச்சைக்கு எலுமிச்சை.

சோப்புத் தண்ணீர் ஆகாதாம் என்று மட்டும்
வீட்டில் சொன்னேன்.
யார் விட்ட தண்ணீர் என்று சொல்லவில்லை.
ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தவர்
வேட்டியை மடித்துக் கட்டி
குழாயை அறுத்துச் சாக்கடைக்குத் திருப்பினார்.
நான் மருந்தடித்ததில்
கொடியில் கிடந்த அவர் பனியன் முழுக்கத் துருப்புள்ளி.
அதற்கு அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

வெளுத்த இலை வெளுத்தபடியே இருந்தது.
அதைப் பார்க்காதிய, இனி வாறதைப் பாருங்க
என்று முன்பே சொல்லியிருந்தார் சொள்ளமுத்து.
பதினேழாம் நாள்
சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு கொழுந்து.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டு
இன்னொரு முறை பார்த்தேன்.
வாய்க்காலும் பச்சை, வயலும் பச்சை.

மதிலுக்கு மேல் ஆவுடையம்மாள் தலை.
"கீழாநெல்லி ஊத்துனியா?"
"ஊத்துனேன்க்கா."